அட்வான்ஸும் அட்டையும்

தொண்ணூறுகளில், நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்து விற்கும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சர்வீஸ் ஆட்கள் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார்கள். ஒருவர் அகமதாபாத்துக்கும் மற்றொருவர் லூதியானாவுக்கும் போவார்கள், வேறொருவர் இச்சல்கரஞ்சியில் மில் மில்லாக ஏறி இறங்குவார். புறப்படுவதற்கு முதல்நாள் எல்லோரும் எங்கள் கேஷ் கவுண்டர் முன் வந்து நிற்பார்கள். டூர் புரோகிராமில் மேனேஜர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, வவுச்சர் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு அட்வான்ஸை எண்ணிக் கொடுப்போம். ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, பேட்டா, ஆட்டோ, அவசரத்துக்கு வாங்கும் பேரிங் என்று எல்லாமே அந்த நோட்டுக்கட்டுக்குள் அடங்கும். சட்டைக்கு உள்பாக்கெட் வைத்துத் தைக்காத சர்வீஸ் ஆளை நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் டி.ஏ. பில் போடவேண்டும். டிக்கெட், லாட்ஜ் ரசீது, பேட்டா கணக்கு எல்லாவற்றையும் குண்டூசி குத்திக் கொண்டுவருவார்கள். மீதி இருந்தால் கட்டுவார்கள். கைக்காசு போட்டுச் செலவழித்திருந்தால் நாங்கள் கொடுப்போம். அதுவரை எங்கள் லெட்ஜரில் அவர் பெயரில் ஒரு பற்று நிற்கும். அந்தப் பற்று அவருக்கும் கம்பெனிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பில் போடாமல் இழுத்தடித்தவர்கள் பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறும், சம்பளத்தில் பிடித்தம் விழும். லாட்ஜ் வாடகை அனுமதித்த அளவைவிடக் கொஞ்சம் கூடிவிட்டால் அந்த வித்தியாசத்துக்காக வயதில் மூத்தவர்கள்கூடக் கவுண்டர் முன் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஒருமுறை எங்கள் மூத்த சர்வீஸ் ஆள் ஒருவர் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது பையையே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அட்வான்ஸ் முழுக்கப் போயிற்று. யார் பொறுப்பு என்று மாதக்கணக்கில் கம்பெனிக்குள் தகராறு நடந்தது. கடைசியில் பாதியைக் கம்பெனி தள்ளுபடி செய்தது, மீதியை அவர் தவணையில் கட்டினார்.

அதே சமயத்தில்தான் அவர் வீடு கட்டக் கடன் கேட்டு மனுப் போட்டிருந்தார். கடன் கிடைத்தது. எங்கள் லெட்ஜரில் இருந்த பற்று கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியவும் இல்லை, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கம்பெனி வேலைக்காகப் போன இடத்தில் பறிபோன பணம் அவருடைய சொந்தப் பெயரைத் தொடாமலே தீர்ந்துபோனது.

கிரெடிட் கார்டு அப்போது இந்தியாவுக்குப் புதிதல்ல. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980லேயே வெளியிட்டுவிட்டது. ஆனால் எங்கள் கம்பெனியில் அது மேனேஜிங் டைரக்டரின் பர்ஸில் மட்டும் இருந்த பொருள். கடன் வரலாற்றைத் திரட்டும் சிபில் 2000ல் தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005ல் வந்தது. ஒருவர் பெயருக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் போட்டு வைக்கும் வழக்கம் அதன்பிறகுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. கார்ப்பரேட் கார்டும் ஏறக்குறைய அதே காலத்தில் சாதாரண ஊழியர்களின் கைக்கு இறங்கியது. இவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது என்ன ஆகும் என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பின்னால் சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு சேவை நிறுவனத்தில் சேர்ந்தேன். வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் எல்லோருக்கும் அங்கே கார்டு கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். நோட்டு எண்ண வேண்டாம், திருட்டு பயம் இல்லை, நடு இரவில் ஊர் போய் இறங்கினாலும் ஹோட்டலில் அறை கிடைக்கும். அட்வான்ஸ் கேட்டு யார் முன்பும் நிற்க வேண்டியதில்லை. இதெல்லாம் உண்மையான நன்மைகள். இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

ஆனால் கணக்கு எழுதிய கண்ணுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அட்வான்ஸ் முறையில் கம்பெனியின் பணம் முதலில் போகும், ஊழியர் பின்னால் போவார். கார்டு வந்ததும் வரிசை மாறியது. ஊழியரின் பெயர் முதலில் போகிறது, கம்பெனியின் பணம் பின்னால் வருகிறது. பில் தேதியையும் கெடு தேதியையும் சேர்த்துப் பார்த்தால் வட்டியில்லாமல் 45, 50 நாள்வரை கிடைக்கும். முன்பு அட்வான்ஸாக முடங்கிக்கிடந்த பணம் அவ்வளவு நாளும் கம்பெனியின் கையிலேயே இருக்கும். வட்டியில்லாமல் கம்பெனிக்குக் கிடைக்கும் இந்த வசதி யாருடைய கையெழுத்தின் மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. கார்ப்பரேட் கார்டில் பொறுப்பு மூன்று வகையாக அமையலாம். முதல் வகையில் கடன் முழுக்க நிறுவனத்தின் தலையில், ஊழியர் அட்டையைத் தேய்க்கும் ஆள் மட்டுமே. இரண்டாவதில் கடன் முழுக்க ஊழியருடையது. அவர் வங்கிக்குக் கட்டிவிட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதில் இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பாதிப் பாதி என்று இதைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வங்கி கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவிலேயே இதற்கு வழி செய்திருக்கிறது. மூன்று வகையிலும் அட்டை பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். மேலே கம்பெனி பெயர், கீழே ஊழியர் பெயர்.

அதே 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியருக்கு நல்ல அரணையும் வைத்திருக்கிறது. 230ஆம் பிரிவின்படி, முதலாளிக்காக ஒரு முகவர் செய்யும் ஒப்பந்தம் அந்த முகவரைத் தனிப்பட்ட முறையில் கட்டுப்படுத்தாது. 222ஆம் பிரிவு, கொடுத்த அதிகாரத்துக்கு உட்பட்டு அவர் சட்டப்படி செய்த காரியங்களால் வரும் இழப்பை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. சர்வீஸ் ஆள் கம்பெனிக்காக லூதியானாவில் அறை எடுத்தால் அது கம்பெனியின் கடன் என்ற நம் இயல்பான நியாயத்தைத்தான் இந்தப் பிரிவுகள் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் 230ஆம் பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: மாறாக ஒப்பந்தம் ஏதும் இருக்கக்கூடாது. கார்டு படிவத்தில் ஊழியர் போடும் கையெழுத்தே அந்த மாற்று ஒப்பந்தம். நூற்றைம்பது ஆண்டுப் பாதுகாப்பு, வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், அடையாள அட்டைக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவே நீட்டப்படும் ஒரு தாளில் கரைந்துபோகிறது.

அந்தத் தாளின் கனம் என்ன என்பதை எங்கள் விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பார்த்தேன். கெட்டிக்காரப் பெண். வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றை மும்பையில் நடத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். அரங்க வாடகை, பன்னிரண்டு பேருக்கு அறை, சாப்பாடு எல்லாம் அவள் கார்டிலேயே போயின. மேலதிகாரி மெயிலில் ஒப்புதல் கொடுத்திருந்தார். ரசீதுகளையும் அவள் உடனே ஏற்றிவிட்டாள். முதல் மாதம் பணம் வரவில்லை. ‘அடுத்த ரன்னில் வந்துவிடும்’ என்றார்கள். இரண்டாவது மாதமும் அதே பதில். அதற்குள் சம்பளமே தாமதமாக வரத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நாளில் கம்பெனி மீதான திவால் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது.

நான் அப்போது ஓய்வுபெற்றிருந்தேன். ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

“சார், பேங்க்லேர்ந்து தினமும் பேசுறாங்க. கம்பெனி கட்டலைன்னா நீங்கதான் கட்டணும்ங்கறாங்க. எனக்காகவா சார் செலவு பண்ணேன்? ஹால் வாடகை சார் அது!”

“ஃபாரம் காப்பி இருக்காம்மா உன்கிட்ட?”

“மெயில்ல இருக்கு சார். கையெழுத்து என்னுதுதான். படிக்க யார் சார் நேரம் குடுத்தா?”

வாங்கிப் படித்தேன். மூன்றாவது வகை. கூட்டாகவும் தனித்தனியாகவும்.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பின் 14ஆம் பிரிவின்படி, நடைமுறை தொடங்கியதும் கம்பெனிமேல் யாரும் வழக்குப் போடவோ வசூலில் இறங்கவோ முடியாது. நிறுவனத்தைக் காப்பாற்ற அவகாசம் வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு, நியாயமானதும்கூட. ஆனால் அந்தக் குடை கம்பெனிக்கு மட்டும்தான். கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஊழியருக்கு அதன் அடியில் இடமில்லை. கம்பெனியிடம் கேட்க முடியாத பணத்தை வங்கி அவளிடம் கேட்டது.

கார்டு வட்டி சாதாரணமாக மாதம் 3 முதல் 3.75 சதவீதம். ஆண்டுக்குப் பார்த்தால் 36 முதல் 45 வரை போகும். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நான்கு லட்சத்துச் சொச்சம் ஐந்தைத் தாண்டியது. நிலுவை அவள் பான் எண்ணோடு கடன் தகவல் நிறுவனத்துக்குப் போனது. புருஷனும் அவளும் சேர்ந்து தாம்பரத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கடன் மனு திரும்பி வந்தது.

கம்பெனியிடமிருந்து வரவேண்டிய பணத்தை எப்படிக் கேட்பது? திவால் நடைமுறையில் ஊழியர்களுக்கென்று ‘படிவம் டி’ இருக்கிறது. ரசீது, ஒப்புதல் மெயில், கார்டு ஸ்டேட்மெண்ட் எல்லாம் இணைத்துக் கொடுத்தோம். கம்பெனியை வாங்க ஆள் வரவில்லை, கலைப்புக்குப் போனது. கலைப்பில் 53ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் நடைமுறைச் செலவு, அடுத்து தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் ஈடு வைத்திருக்கும் கடன்காரர்களும், அதற்குப் பிறகே மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை. அவள் முறை வருவதற்குள் பானையில் அதிகம் மிஞ்சவில்லை.

தொழிலாளர் சட்டத்திலும் கதவு அகலமாகத் திறக்கவில்லை. வேலையின் தன்மையால் ஏற்படும் தனிச் செலவுகளுக்குக் கொடுக்கும் தொகையை 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் ஊதியத்தில் சேர்க்கவில்லை. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. வேலையை விட்டவருக்கு 2 வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது, நல்ல மாற்றம். ஆனால் ஊதியத்துக்கான விளக்கத்தில் அதே விலக்கு அங்கேயும் தொடர்கிறது. சம்பள பாக்கிக்கு ஒரு வழி, கம்பெனிக்காகச் செலவழித்த பணத்துக்கு வேறு வழி. அந்த வேறு வழி சிவில் வழக்கு.

கடைசியில் அவள் நகையை அடகு வைத்துக் கட்டினாள். குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வங்கி சொன்னது. அவசரப்படாதே என்று தடுத்தேன். குறைத்துத் தீர்த்த கணக்கு கடன் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்று நிற்கும். அடுத்துக் கடன் கொடுப்பவர்களுக்கு அது குறையாகத் தெரியும். முழுக்கக் கட்டினால் ‘க்ளோஸ்ட்’. வட்டியில் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பேசி, அதன் பிறகும் கணக்கு முழுதாக முடிந்ததாகவே பதிவாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அசலை முழுதாகக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கினோம். தாம்பரத்து முன்பணத்தில் ஒரு பகுதி போனது போனதுதான்.

ரிசர்வ் வங்கி இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கிரெடிட் கார்டுகளுக்காக 2022 ஏப்ரலில் அது வெளியிட்ட பெருந்தொகுப்பில், கார்ப்பரேட் கார்டுகளில் நிறுவனத்தின் பொறுப்பும் ஊழியரின் பொறுப்பும் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று இருக்கிறது. தெளிவு வேண்டும்தான். ஆனால் அவள் படிவத்திலும் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. யார் பேரம் பேசும் நிலையில் இருக்கிறார் என்பதைத் தெளிவு மாற்றிவிடாது. புதிதாக வேலையில் சேரும் ஒருவர் ‘இந்த விதி வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு 1998ல் வந்த சட்டம் பயண அட்டையைக் கட்டாயமாக்கியது. ஊழியர் பெயரில் பில் வரும் அட்டையில் அவரே வங்கிக்குப் பொறுப்பு. ஆனால் சரியான பயணக் கணக்கு கொடுத்த 30 நாளுக்குள் துறை பணம் தர வேண்டும், தவறினால் தாமதக் கட்டணமும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. சுமையை ஏற்றியவர்கள் கெடுவையும் சேர்த்து வைத்தார்கள். கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவின்படி, வேலைக்காக ஊழியர் செய்யும் அவசியச் செலவை முதலாளி ஈடுசெய்தே ஆகவேண்டும். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 2804ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. நம்முடைய 230ஆம் பிரிவில் இருக்கும் ஓட்டை அங்கே அடைக்கப்பட்டிருக்கிறது.

ஊழியர் தவறு செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தச் செலவுக்குக் கம்பெனி கார்டைத் தேய்த்தவர் கட்டத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. அந்த அபாயத்துக்காகவே பல கார்ப்பரேட் கார்டுகளோடு ஒரு காப்பீடு வருகிறது. ஊழியர் கார்டைத் தவறாகப் பயன்படுத்திக் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் அது ஈடுகட்டும். கம்பெனி கைவிட்டதால் ஊழியருக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பெரியவருக்கு இன்சூரன்ஸ் இருக்கும் இடத்தில் சின்னவருக்குச் சொந்த நகைதான் இருக்கிறது.

இப்போது என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் சில விஷயங்களைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கம்பெனி கட்டாவிட்டால் வங்கி யாரைக் கேட்கும்? பதிலை மெயிலில் வாங்குங்கள். ஊழியரும் பொறுப்பு என்று பதில் வந்தால், நியாயமான செலவுக்குக் கம்பெனி முழுக்க ஈடுசெய்யும் என்று ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் சம்பளக் கணக்கு வழியாகப் பணம் சுற்றி வராமல், கம்பெனியே நேரடியாக வங்கிக்குக் கட்டும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ரசீதை மாதக் கடைசி வரை வைத்திருக்காதீர்கள். பத்துப் பேரின் செலவை உங்கள் அட்டையில் ஏற்றாதீர்கள், அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு அட்வான்ஸ் கேளுங்கள், இல்லையென்றால் கம்பெனியே நேராகப் பில் கட்டட்டும். பணம் வருவது ஒரு முறை தவறினாலும் அன்றே அட்டையை நிறுத்துங்கள்.

வேலையை விடும்போது நிலுவையைத் தீர்த்துவிட்டு அட்டையை மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லாத அட்டையை 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால் வங்கி நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள், பழைய கம்பெனியின் அட்டை அதில் உயிரோடு இருக்கலாம். அறிக்கையில் தவறு இருந்து, புகார் கொடுத்த 30 நாளில் திருத்தாவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இவ்வளவையும் ஓர் ஊழியர் தனியாக நினைவில் வைத்துக்கொண்டுதான் கம்பெனி வேலையாக ஊருக்குப் போக வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம். இதற்குத் தீர்வு சிக்கலானது இல்லை. கம்பெனி வேலைக்காக, கம்பெனியின் அனுமதியோடு செய்த செலவில் ஊழியரைப் பொறுப்பாளியாக்கும் எந்த விதியும் செல்லாது என்று ஒரு வரி போதும். ரிசர்வ் வங்கி அதைத் தன் விதிகளில் சேர்க்கலாம், பாராளுமன்றம் ஊதியத் தொகுப்பில் சேர்க்கலாம். முதல் வகை அட்டை ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. நிறுவனத்தின் நிதிநிலையைப் பார்த்துக் கடன் கொடுப்பது வங்கிக்குப் புதிய வேலையும் இல்லை. நிறுவனத்தை நம்பிக் கடன் கொடுக்க வங்கிக்குத் தயக்கம் என்றால், அந்தத் தயக்கத்துக்கு ஜாமீனாக நிற்க வேண்டியவர் மாதச் சம்பளக்காரர் அல்ல.

அந்தப் பெண் இப்போது வேறொரு சிறிய நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறாள். அங்கே கார்டு வாங்கும் பேச்சு வந்தபோது இரண்டு வங்கிகளின் படிவங்களைத் திருப்பி அனுப்பினாள். பொறுப்பு முழுக்க நிறுவனத்துக்கே என்று எழுதிக் கொடுத்த மூன்றாவது வங்கியிடம் வாங்கினாள். லிமிட் குறைவுதான், ஆண்டுக் கட்டணமும் கொஞ்சம் கூடுதல். முதலாளி காரணம் கேட்டாராம். “ஆஃபீஸ் செலவுக்கு ஆஃபீஸ்தான் சார் கடன்காரரா இருக்கணும்” என்றாளாம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு நிறுவனத்தில் ஒருவர் கேட்டு வாங்கிய நியாயத்தை மற்ற எல்லோருக்கும் சட்டமே வாங்கித் தர வேண்டும்.